முத்துச் சிப்பியும் செம்பளிங்கும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கேயுள்ள சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தே, சிப்பிகளை மூன்று கூறாக்கி, ஒன்றைக் குளிகாரருக்களித்து, ஏனையிரண்டையும் அரசினர் ஏலத்தில் விற்பர். வாங்கியோர் அவற்றை உடனே பிளப்பதில்லை. சதை அழுகி ஈயும் புழுவும் அரிக்கும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், வெயிலிற் குவித்துவைத்துப் பின்னரே கழுவி முத்தைத் தேடுவர். அந்நாற்றத்தைப் பொறுத்தது முத்தின் பொருட்டு; சதையின் பொருட்டன்று.

1902 இல் லிவர்ப்பூற் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோணெல் என்பாருடன் வந்து இப்பார்களை ஆராய்ந்தார். முத்துக்குக் கருவாவது நாடாப்புழுவின் இளம்பருவமே என்றார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்றிலர். அவரும் சதைக்குள்ளே முத்தின் காரணத்தையே தேடினார். அங்கிருந்த வேறொரு பொருளை அறியும் காலம் அப்போது வரவில்லை.

கொடிய சோகை நோயாளர் ஈரலுண்டு பிழைப்பதை மைனொட், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் 1926 இல் காட்டினர். ஈரலில் மறைந்திருந்த மருந்து 1948 இலேதான் செந்நிறப் பளிங்காகக் கைக்கெட்டியது. அதுவே விற்றமின் பி12. அதனுள் கோபாற்று உலோகம் இருந்தமை எல்லோரையும் வியப்பித்தது.

கோபாற்று அணு தன்னைச் சூழ ஆறு துணைகளைப் பற்றிநிற்கும் என்று சூரிச் நகர் வேர்ணர் 1893 இலேயே கூறியிருந்தார். ஆய்வுகூட உப்புக்களுக்குச் சொன்ன அவ்விதி உடலுக்குள்ளும் செல்லுமோ? ஒக்ஸ்போர்ட்டில் டொறதி ஹொட்ச்கின் எட்டாண்டு எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, 1956 இல் விடை தந்தார். ஒரு வளையத்தின் நான்கு நைதரசன்கள் கோபாற்றைச் சூழ்கின்றன. கீழே ஐந்தாவது நைதரசன். மேலே, ஆறாம் இடத்தில், சயனைட்டு!

நஞ்சு எவ்வாறு மருந்தினுள் புகுந்தது? பிரித்தெடுக்கையில் வந்து ஒட்டியதே அது. உடலிலே தொழிற்படும் வடிவமொன்றில், அவ்விடத்தில் ஒரு காபன் அணு கோபாற்றோடு நேரே பிணைந்திருப்பதை லெனெர்ட்டும் ஹொட்ச்கினும் 1961 இல் கண்டனர். உயிர்ப்பொருளில் அத்தகைய பிணைப்பைக் கண்டது அதுவே முதன்முறை. அப்பிணைப்பு எளிதிற் பிரிந்து சேர்வதனாலேயே இவ்விற்றமின் தன் வேலையைச் செய்கிறது.

இப்பொருளை மரஞ்செடிகளும் ஆக்கா, விலங்குகளும் ஆக்கா. பற்றீரியா முதலிய நுண்ணுயிர்களே ஆக்கும். கடல்நீரை வடித்துண்ணும் சிப்பியினம் அவற்றினின்று அதனைப் பெற்றுச் சதையிற் சேர்க்கிறது. மீனுண்ணும் மன்னார்க் கரையோர்க்கு இதிற் குறையில்லை. திருக்கேதீச்சரத்துச் சைவ வீட்டார்க்கோ பாலுந் தயிருமே துணை. பசுவின் இரைப்பையிலே அதே தொழில் நடைபெறுகிறது. அப்பசுவுக்கும் புல்லிற் சிறிது கோபாற்று வேண்டும். தென் அவுஸ்திரேலியாவின் கடற்கரை மணலில் மேய்ந்த ஆடுகள் புல்லிருந்தும் மெலிந்து மடிந்தமைக்குக் கோபாற்றுக் குறைவே முதற்காரணமென 1935 அளவில் தெரியவந்தது.

பாலையும் விலக்குவோர் குளிகை முதலியவற்றால் இதனைப் பெறல்வேண்டும். குளிகைகள் பலவற்றில் அச்சயனைட்டு இன்றும் ஒட்டியேயிருக்கிறது. அளவு மிகச் சிறிதாதலின் அஞ்சவேண்டுவதில்லை.