கயிறு மாறிய பிறகு

மாட்டுச் சந்தையில் விலை படிந்ததும் விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார்; வாங்கியவர் தாம் கொண்டுவந்த கயிற்றைக் கட்டிக்கொள்வார். அதுவரை பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். கயிறு மாறிய பிறகு தெரியவரும் குறை வாங்கியவருடையது. இந்த வழக்கம் எவ்வளவு ஊறிப்போனது என்பதற்குத் திருவிளையாடற் புராணமே சாட்சி. பாண்டியனுக்குக் குதிரை கொண்டுவரும் வணிகனாகச் சிவபெருமானே வந்து, கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரவில் பரிகள் நரிகளாகின்றன. விற்றவனைத் தேடிப் பிடிக்க அரசனுக்கு வழியில்லை; தண்டனையோ, குதிரை வாங்கித்தர நடுவில் நின்ற மாணிக்கவாசகர்மேல் விழுகிறது. பக்தர்கள் இதில் இறைவனின் அருளைக் காண்கிறார்கள். வியாபாரத்தின் கண்ணோடு படித்தால், விற்பனை முடிந்த கணத்தில் விற்றவனின் பொறுப்பும் முடிகிறது என்ற விதியைக் கதை கேள்வியின்றி ஏற்றிருப்பது தெரியும். இன்று டீலரிடம் பழைய கார் வாங்குபவர் கையில் சாவி விழும்போது நடப்பதும் அதே கயிறு மாற்றம்தான். ஆனால் தமிழ் மண் அறிந்த விதி இது ஒன்று மட்டுமல்ல. விற்பவனையும் வாங்குபவனையும் சாராத மூன்றாவது கண்ணைப் பொதுப் பதவியாக்கி, அந்தக் கண்ணுக்கும் காவல் வைத்த ஊர் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டிச் சந்தைக்கு உத்திரமேரூரின் அந்த விதிதான் பொருந்தும் என்பது என் வாதம்.

வேகத்துக்காக விலை கொடுத்து வாங்கும் ஊர்தி இங்கே காரோடு வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. அவற்றுக்குப் பொன்னாகவே விலை கொடுக்கப்பட்டது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று எழுதுகிறார். கடல்வழியில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியனின் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம் என்றும் சொல்கிறார். மார்க்கோ போலோ தருவது இன்னும் கூர்மையான செய்தி. அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் குதிரை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே யாருமில்லை, விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவும் விடுவதில்லை, குதிரை செத்தால்தான் அடுத்த குதிரை விற்கும் என்பதே காரணம் என்றும் எழுதுகிறார். பயணியின் பேச்சில் மிகை இருக்கலாம். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது, அந்த இடைவெளியை விற்பவன் காப்பாற்றியே வைத்திருப்பான் என்ற உண்மையை அவர் கரையில் நின்றே கண்டுகொண்டார். அறிவுக்குறையே ஒரு சரக்காகிவிடும் சந்தை அது. 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாக வைத்து இதையே கோட்பாடாக்கினார். அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே கேட்கப்படுகிறது. நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்கிவிடுகிறார். சந்தையில் எஞ்சுவது மட்டமானது.

இனி உத்திரமேரூர். பல்லவர் காலத்துப் பிரம்மதேயமான இவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழன் முதலாம் பராந்தகனின் 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் இருப்பதும், முப்பது குடும்புகளில் குடவோலை போட்டு வாரியங்களைத் தேர்ந்ததும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வருபவை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற வரிசையில் பொன் வாரியமும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பராந்தகன் காலத்து இன்னொரு கல்வெட்டு இதைவிட நுணுக்கமானது. ஊரில் புழங்கும் பொன்னின் தரத்தைச் சோதிப்பவர்களை எப்படி அமர்த்துவது, அவர்கள் எப்படி நடந்துகொள்வது என்று ஊர்ச் சபை விதி செய்திருக்கிறது. பொன் காணும் தொழில் தெரிந்தவர்களை ஊரின் தெருக்களிலிருந்து பெயர் எழுதிக் குடவோலையில் எடுக்க வேண்டும். அவர்கள் எல்லாருக்கும் பாரபட்சமின்றிப் பொன் காண வேண்டும். இவையெல்லாம் நல்லெண்ண விதிகள்தாம். என்னை வியக்கவைப்பது மெழுகு பற்றிய விதி. கட்டளைக்கல்லில் உரசும்போது பொன் கோடாகப் படியும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பது பொற்கொல்லர் வழக்கம். ஒருவர் பொன்னில் ஒற்றும் துகள் கண்ணுக்கே தெரியாது. நாள்தோறும் பலர் பொன்னை உரசுபவருடைய மெழுகில் அது ஒரு வருமானமாகவே திரண்டுவிடும். கொஞ்சம் அழுத்தி உரசினால் இன்னும் கூடும். அந்த மெழுகைச் சோதிப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சபை விதித்தது. சோதிப்பவருக்கு இரகசிய ஆதாயம் எங்கே ஊறும் என்று கண்டுபிடித்து, அந்த ஊற்றை எல்லார் வயலுக்கும் நீர் தரும் ஏரிக்குத் திருப்பிவிட்ட விதி இது. நேர்மையானவரைத் தேடிப் பிடிப்பதோடு சபை நின்றுவிடவில்லை. நேர்மை தவறுவதால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய லாபத்தையே எடுத்துவிட்டது.

இப்போது நம் காலத்துச் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்துக்குப் பொதுவாக உட்கிடை உத்தரவாதம் எதுவும் இல்லை என்றே 16ஆம் பிரிவைத் தொடங்குகிறது. விலக்குகள் உண்டு. அந்த விலக்கிலும் ஒரு விலக்கு உண்டு: வாங்குபவர் பொருளைப் பார்வையிட்டிருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவரைக் கேட்க முடியாது. கயிறு மாற்றத்தின் சட்ட வடிவம் இதுவே. வாடகை வாகனத்துக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும்; சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும், அதன் பிறகே தகுதிச் சோதனை. இடையில் அது மூன்று கை மாறினாலும் புகைச் சான்றிதழைத் தவிர வண்டியின் நலத்தை அரசுக் கண் எதுவும் பார்ப்பதில்லை. 2022 டிசம்பரில் வந்து 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மத்திய விதிகள் பழைய வண்டி டீலருக்கு அங்கீகாரச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அவர் தெரிவிக்க வேண்டும், அதை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு பயணத்தையும் மின்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது நல்ல காரியம். திருட்டு வண்டியும், பெயர் மாறாமலே சுற்றும் வண்டியும் இதனால் குறையும். ஆனால் இந்த விதிகள் வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்கின்றன. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

சாதாரணக் குடும்பக் காரில் இந்த இடைவெளி ஓரளவு தாங்கக்கூடியது. வேகத்துக்கென்றே செய்த காரில் அது பள்ளமாகிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையும் ஒரகடத்தின் வாகன ஆலைகளும் உத்திரமேரூர் இருக்கும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. அத்தகைய வண்டிமேல் ஆசை இங்கே புதிதல்ல. டர்போ இன்ஜினின் கம்ப்யூட்டரில் சக்தியைக் கூட்டும் ரீமேப் ஏற்றி ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழைய மேப்பையே திரும்ப ஏற்றிவிடலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ ஆகியவை பட்ட பாடு ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் வெளிவராது. மீட்டரைக் குறைப்பது இப்போது ஒரு கருவியைச் செருகும் வேலை. தேய்ந்த டயரை மாற்றிவிட்டால் முரட்டு ஓட்டத்தின் சாட்சியம் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் மூழ்கிய கார்களில் ஏராளமானவை காப்பீட்டு ஏலம் வழியாகத் திரும்பவும் சந்தைக்கு வந்தன. சீட் துணியை மாற்றி, கார்ப்பெட்டைக் காயவைத்து விற்ற வண்டியின் வயரிங்கில் துரு ஏறுவது மாதங்கள் கழித்தே தெரியும். வாங்குபவர் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போகிறார். அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் வியாபாரம் முடிந்தால் டீலரிடமிருந்து அவருக்குக் கமிஷன் வரும் வழக்கம் இருக்கும் இடத்தில் அவர் கையில் இருப்பதும் அந்த மெழுகுதான். அதை ஒப்படைக்க ஏரி வாரியம் இல்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. பொன் ஒரே பொருள், கார் ஆயிரம் உறுப்புகளின் தொகுப்பு, அதற்கு உரைகல் ஏது என்று கேட்கலாம். உத்திரமேரூரின் பொன் காண்பவர் நகை அழகா, வேலைப்பாடு நன்றா என்று சொல்லவில்லை; மாற்று எவ்வளவு என்று மட்டும் சொன்னார். காரிலும் அளக்கக்கூடியவை சில உண்டு: ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன், பெயின்ட்டின் தடிமன், சேஸிஸ் எண், இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைகள், சர்வீஸ் பதிவிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் எழுதப்பட்ட கிலோமீட்டர், விபத்து. இவை போதும். மீதி விருப்பத்தின் பாடு. மூன்றாம் ஆள் என்று ஒருவரை வைத்தால் லஞ்சம் வாங்க இன்னொரு மேசை முளைக்கும் என்பது அடுத்த மறுப்பு. நம் அனுபவத்தில் அதற்கு நியாயம் நிறையவே உண்டு. உத்திரமேரூரும் அதே பயத்திலிருந்துதான் விதி செய்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்கக் கூடாது என்றது. யார் வருவார் என்று யாரும் முன்கூட்டி அறியாதபடி சீட்டுப் போட்டு எடுத்தது. வண்டியைச் சோதிப்பவரையும் டீலர் தேர்ந்தெடுக்கக் கூடாது, வாங்குபவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தகுதி பெற்றவர்களில் ஒருவர் குலுக்கலில் வரட்டும். மூன்றாவது மறுப்பு அந்தச் சபையைப் பற்றியது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் சபை அது. ஊரின் பெரும்பான்மைக்கு அதில் இடமில்லை. இதை மறைத்து உத்திரமேரூரை மக்களாட்சியின் தொட்டில் என்று கொண்டாடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் பொன் எல்லாருக்கும் ஒரேபோல் காணப்பட வேண்டும் என்று அந்தச் சபையே எழுதிவைத்தது. சபைக்குள் யாரை விட்டார்கள் என்ற குறையால், தராசுக்குச் செய்த விதி பொய்யாகிவிடாது.

இதைச் செயலாக்கப் புதிய அலுவலகம் வேண்டியதில்லை. கார் கை மாறும்போது படிவம் 29, படிவம் 30 இரண்டும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எப்படியும் போகின்றன. 15 ஆண்டு கழித்துச் செய்யும் தகுதிச் சோதனையின் ஒரு பகுதியைப் பெயர் மாற்றத்தின்போதே செய்து, அளந்ததை ஒரு தாளில் அந்தப் படிவங்களோடு சேர்க்கலாம். வாங்குபவர் கையெழுத்திடும் முன் அதைப் படித்தாக வேண்டும். மோசமான கம்ப்ரஷன் உள்ள வண்டியை அவர் தெரிந்தே வாங்கலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம், விட்டுவிட்டும் போகலாம். செலவை ஒரு நிலையான கட்டணமாக அலுவலகமே வசூலித்துச் சோதித்தவருக்குத் தர வேண்டும். வியாபாரம் முடிந்தாலும் முறிந்தாலும் அவருக்குக் கிடைக்கும் தொகை ஒன்றாகவே இருக்க வேண்டும்.