பழைய கல்விக்கூடத்தைப் புதுப்பிக்கும்போது: ஃபெஸ் நகரின் கரவிய்யீன் தரும் பாடம்

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரிலுள்ள கரவிய்யீனை, இன்றுவரை தொடர்ந்து இயங்கிவரும் உலகின் மிகப் பழைய உயர்கல்வி நிறுவனம் என்று கின்னஸ் பதிவேடு குறிப்பிடுகிறது. இதன் தொடக்கம் ஒரு பெண்ணின் கொடை. துனீசியாவின் கைரவான் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஒரு வணிகரின் மகளான ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி, தமக்கு வாரிசுரிமையாகக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு ஹிஜ்ரி 245இல் (கி.பி. 859) இங்கே பள்ளிவாசலைக் கட்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்தப் பள்ளிவாசலைச் சுற்றியே பாடசாலையும், பின்னர் நூலகமும் வளர்ந்தன. மார்க்கக் கல்வியோடு இலக்கணம், கணிதம், வானியல் போன்றவையும் இங்கே கற்பிக்கப்பட்டன.

14ஆம் நூற்றாண்டில் மரீனிய சுல்தான் அபூ இனான் நூலகத்தை நிறுவினார். பின்வந்த ஆட்சியாளர்கள் அதை விரிவாக்கினர். இன்றைய பெரிய வாசிப்பு மண்டபம் 1940களில் சேர்க்கப்பட்டது. 1963இல் கரவிய்யீன் அரசுப் பல்கலைக்கழக அமைப்பில் இணைக்கப்பட்டது. ஆக, இந்தக் கட்டடம் ஒருபோதும் ஒரே வடிவில் நின்றதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்ப ஏதேனும் ஒன்றைச் சேர்த்தே வந்திருக்கிறது.

ஆனால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலகத்தின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. சுமார் 4,000 கையெழுத்துப் பிரதிகள் அங்கே இருந்தன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூஃபி எழுத்துக் குர்ஆன் பிரதியும், இப்னு கல்தூனின் வரலாற்று நூலின் பழைய பிரதியும் அவற்றில் அடங்கும். கூரை ஒழுகியது, மரவேலைகள் உளுத்தன, ஓடுகள் பெயர்ந்தன, மின்கம்பிகள் வெளியே தெரிந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில் இருந்தது. அடியில் ஓடிய நீரால் ஈரம் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. காகிதத்துக்கும் தோலுக்கும் ஈரத்தைவிடக் கொடிய எதிரி இல்லை.

2012இல் மொராக்கோ கலாச்சார அமைச்சகம் சீரமைப்புப் பணியை அஸீஸா ஷாவ்னி என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. அவர் அதே ஃபெஸ் நகரில் பிறந்தவர். பணியில் முக்கிய இடம் பெற்றது அலங்காரம் அல்ல, வடிகால். அடியிலுள்ள நீரை வெளியேற்றக் கால்வாய் அமைக்கப்பட்டது. கூரை சீராக்கப்பட்டது. செதுக்கிய மரமும் வண்ண ஓடுகளும் உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டு பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டன. புதிய வசதிகளும் வந்தன: சூரிய மின்தகடுகள், நூல்களுக்கேற்ற வெப்பநிலை, ஈரப்பதக் கட்டுப்பாடு, பிரதிகளைச் செப்பனிட்டு மின்னணுப் படியெடுக்கும் ஆய்வகம். 2016இல் பெரும்பணி நிறைவுற்றது. பழமையின் முகம் மாறவில்லை; உள்ளே இக்கால ஆய்வாளருக்குத் தேவையானவை இருந்தன.

நம் ஊர்களிலும் வக்ஃபு நிலத்தில் முன்னோர் எழுப்பிய பழைய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கணினி அறையும் அறிவியல் கூடமும் வேண்டும் என்ற பேச்சு வரும்போது, "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்றோ, "பெயிண்ட் அடித்தால் போதும்" என்றோ நாம் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் முன்னே செய்ய வேண்டியவை உள்ளன.

முதலில், தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு அடித்தளம், சுவர், கூரை மூன்றையும் சோதிக்க வேண்டும். பாதுகாப்பற்றது என்று அவர் சொன்னால் ஒரு நாள்கூடப் பிள்ளைகளை அங்கே உட்காரவைக்கக் கூடாது. தாங்கும் என்றால், நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். சுண்ணாம்பையே பூச வேண்டும். கணினிகளின் பளுவைத் தாங்கும் புதிய மின்இணைப்பு வேண்டும். கூடுதல் வகுப்பறை, ஆய்வகம், மாணவியருக்கான கழிப்பறை ஆகியவற்றைப் பழைய சுவரின் மேல் ஏற்றாமல், அருகிலேயே தனிக் கட்டடமாக எழுப்புவது நல்லது.

நுழைவாயில் வளைவுக்கும் பெயர்ப் பலகைக்கும் நன்கொடை எளிதாகக் கிடைக்கிறது. மண்ணுக்கு அடியில் மறையும் வடிகாலுக்குப் பணம் தர ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் பல தலைமுறை அமர்ந்து படிக்கும் கூரையைக் காப்பது அந்த வடிகால்தான். யாருடைய பெயரும் பொறிக்கப்படாத அந்தச் செலவும் ஸதகத்துல் ஜாரியாவே என்பதை ஜமாஅத் கூட்டங்களில் நாம் எடுத்துச் சொல்வோம்.