பாஸ்டன் நகரத்துப் பதினாறு குழந்தைகள்



குழந்தைகளைப் பற்றும் கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு 1947-ஆம் ஆண்டு வரையில் மாற்று மருந்து என்று ஒன்று இருந்ததில்லை. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும். குழந்தை வெளிறிச் சோரும். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் உயிர் பிரியும். இரத்தம் ஏற்றுவதும் பெற்றோருக்கு ஆறுதல் கூறுவதுமே மருத்துவர்க்கு எஞ்சிய பணிகள்.

அமெரிக்காவில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் இந்நிலையை ஏற்க மறுத்தார். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் சிலவகை இரத்தச் சோகையைத் தீர்ப்பது அப்போது தெரிந்திருந்தது. அவ்வினத்துப் பொருள்களை அவர் இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னினும் விரைந்து முற்றுவதையே கண்டார். நலம் கருதி இட்டது நோய்க்கு எருவாயிற்று! வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பார். ஃபார்பரோ, அப்பொருள் நோயை வளர்க்குமாயின் அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ என்று எண்ணினார்.

அத்தகைய மருந்துகளை லெடர்லி ஆய்வுக்கூடம் ஆக்கித் தந்தது. அங்கு ஆராய்ச்சியை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் வரலாறு தனிப் பேச்சுக்கு உரியது. இங்கே பெயரளவில் கூறி மேற்செல்கிறேன்.

அமினோப்டெரின் என்னும் அம்மருந்து 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுட் பலர் சாவின் விளிம்பில் கிடந்தவர்கள். பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கிற்று. ஆயினும் மருந்து நஞ்சேயாதலின் வாயெல்லாம் புண்ணாயிற்று. நோயும் மீண்டும் தலைதூக்கிற்று. 1948 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல்லை ஃபார்பர் பொறித்தார். அவர் எழுதியவற்றுள் அச்சொல்லையே நான் மிக மதிக்கிறேன்.

சாகும் குழந்தையை அமைதியாகச் சாகவிடலாகாதா என்று உடனிருந்த மருத்துவர் சிலர் கேட்டனர். அதனை இரக்கமற்ற கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மேலும், 1947 ஆகஸ்டில் நியூரம்பர்க் நீதிமன்றம் வகுத்த நெறியின் முதல் விதி, ஆராய்ச்சிக்கு உட்படுவோர் தாமே மனமுவந்து இசைதல் வேண்டும் என்பது. இரண்டு வயதுக் குழந்தை எங்ஙனம் இசையும்? சொல்லுக்குச் சொல் அவ்விதியைக் கொண்டால் குழந்தைகளுக்கு எம்மருந்தையும் சோதித்தல் இயலாது. இயலாதெனில், இன்று செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் அளவில் பிழைப்பதும் இல்லை. 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் சட்டப்படியான காப்பாளர் இசைவு தர இடமளித்தது.

சிக்கல் அதனோடு தீரவில்லை. புதுமருந்தின் முதற்கட்டச் சோதனையில் அறிய விழைவது, உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதையே. சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவர். முதலில் சேரும் குழந்தைக்கு அளவு போதாமற் போகலாம். பின்னர்ச் சேர்வதற்கு மிகலாம். பெற்றோரோ அதனைச் சிகிச்சை என்றே கேட்கின்றனர். வேறு வழியெல்லாம் அடைபட்ட தாயின் செவியில் ‘சோதனை’ என்னும் சொல் ஏறுவதில்லை. பொய் சொல்லாத மருத்துவரும் அவளது நம்பிக்கையைத் திருத்தாமல் விட்டால், அவள் தரும் இசைவு பாதி இசைவே என்பது என் கருத்து.

1983-இல் அமெரிக்க அரசு மற்றொரு விதி செய்தது: விவரம் அறிந்த குழந்தையாயின் அதன் சம்மதத்தையும் கேட்டல் வேண்டும், வாய் திறவாதிருப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இவ்விதியின் அருமை விளங்கும். எதிரே நிற்கும் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்லும் ‘சரி’ எத்தனை! ஆனால் அவ்விதிக்குள்ளேயே ஒரு விலக்கும் உண்டு. வேறெங்கும் கிட்டாத நன்மையை அச்சோதனை தரக்கூடுமெனில், குழந்தையின் மறுப்பைப் பெற்றோர் மீறலாம். முதற்கட்டச் சோதனையில் அந்த நன்மை எவ்வளவு என்பதோ, அச்சோதனை முடிந்த பின்னரே தெரிய வருவது.