காஞ்சனபுரி: மரண ரயில் பாதையின் நினைவிடங்கள்

தாய்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள காஞ்சனபுரி, இரண்டாம் உலகப் போரின் ‘சயாம் மரண ரயில்’ பாதையைக் காணப் பல நாட்டினரும் வரும் ஊர். 1942இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியே தளவாடங்களை அனுப்புவது ஆபத்தாக இருந்தது. எனவே காட்டையும் மலையையும் வெட்டி, தாய்லாந்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடப்பட்டது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்குமேல் இதில் உழைத்தனர். சுமார் 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2 லட்சம் பேர். பர்மியர், ஜாவானியரோடு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் அவர்களில் இருந்தனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது.

போர் முடிந்ததும் பாதையோர முகாம்களில் புதைக்கப்பட்டிருந்த கைதிகளின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. காஞ்சனபுரியில் உள்ளதே பெரியது; அங்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. பிழைத்த வீரர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் அங்கு வந்து அஞ்சலி செலுத்தினர்.

இந்த ரயில் பாதையை வைத்து 1957இல் வெளியான ‘குவாய் ஆற்றுப் பாலம்’ திரைப்படம் இலங்கையின் கித்துல்கலவில் எடுக்கப்பட்டது. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் பாலத்தைத் தேடிக் காஞ்சனபுரிக்கு வந்தனர். பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். வந்தவர்கள் கேட்டது குவாய் ஆற்றை. பின்னர் ஆற்றின் அந்தப் பகுதிக்கே ‘குவே யாய்’ என்று பெயர் மாற்றப்பட்டது. நாம் தோக் வரையிலான பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. கைதிகள் பாறையைக் குடைந்த ‘ஹெல்ஃபயர் பாஸ்’ கணவாயில் 1998இல் ஆஸ்திரேலிய அரசு அருங்காட்சியகம் திறந்தது. ஒவ்வோர் ஏப்ரல் 25 அன்றும் அங்கே விடியற்கால அஞ்சலி நடக்கிறது.

ஆசியத் தொழிலாளர்களுக்குத் தனிக் கல்லறைகள் இல்லை. இராணுவங்களிடம் வீரர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது; தோட்டங்களிலிருந்து வந்த கூலிகளின் பெயரை முறையாகக் குறித்துவைத்தவர் எவருமில்லை. உயிரோடு திரும்பியவர்களுக்கோ மீண்டும் பயணம் செய்ய வசதியில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அவர்களின் துயரத்தைத் தமிழில் பதிவுசெய்தது. 1990இல் காஞ்சனபுரியில் இத்தொழிலாளர்களுடையதாகக் கருதப்படும் ஒரு கூட்டுப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. இறந்த தமிழர்களின் நினைவாக 2023இல் அந்நகரின் பௌத்த விகாரை ஒன்றில் நடுகல் நிறுவப்பட்டது. பாதைக்காக மாண்டவர்களில் மிகப் பெரும் பகுதியினர் ஆசியத் தொழிலாளர்களே என்பதை அறிந்து செல்பவருக்குத்தான் காஞ்சனபுரியின் வரலாறு முழுமையாகப் புலப்படும்.