கண்ணாடியும் கிடையும்: தன்னறிதல் ஆய்வில் ஒரு மறுபரிசீலனை

விலங்குகளுக்குத் 'தான்' என்ற உணர்வு உண்டா என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தே தீர்மானித்து வருகிறார்கள். 1970இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப், சிம்பன்சிகளைப் பத்து நாள் கண்ணாடியோடு பழகவிட்டார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, அவற்றின் புருவ மேட்டிலும் காதோரத்திலும் மணமில்லாத சிவப்புச் சாயம் தடவினார். விழித்தெழுந்த சிம்பன்சிகள் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்திலேயே சாயத்தைத் தொட்டுத் தடவின. அதே சோதனையில் ரீசஸ் முதலிய குரங்குகள் கண்ணாடியில் தெரிந்ததை வேறொரு குரங்காகவே எடுத்துக்கொண்டன. அன்று முதல் உயிரினங்கள் இரண்டு வகுப்பாகப் பிரிந்தன. 2001இல் டால்பின், 2006இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையின் 'ஹேப்பி' என்ற ஆசிய யானை, 2008இல் மாக்பை என்னும் காக்கை இனப் பறவை, 2019இல் சுத்தக்கார மீன் என்று தேறியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மனிதக் குழந்தை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் தேறுகிறது என்று 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் காட்டினார்.

இந்தச் சோதனை பொய் என்று நான் சொல்லவில்லை. அது பரிணாமத்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டு அதையே முதல் படி என்று எண்ணுகிறது என்பதே என் வாதம். கூட்டமாக வாழும் உயிர் முதலில் அறிய வேண்டியது தன் முகத்தை அன்று. யார் தன்னவர், யார் பிறர், அவர்களுக்கு நடுவில் தன் இடம் எது என்பதைத்தான். தன்னறிதல் அந்த அறிவிலிருந்து கிளைத்தது. இதற்கான சான்றுகளைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று விரியும் மானாவாரிக் காட்டிலும், தென்னிந்திய ஆய்வுக்கூடங்களிலும் அவை கிடைக்கின்றன.

இந்தப் பக்கத்தில் பருத்தியும் சோளமும் மல்லியும் எடுத்த பிறகு வெறுங்காடாகக் கிடக்கும் நிலத்தில் கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ந்த செம்மறிகள் இரவில் அங்கே அடைந்து, புழுக்கையாலும் மூத்திரத்தாலும் மண்ணுக்கு உரமேற்றும். ராமநாதபுரம் வெள்ளை, செந்நிறத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடு என்று வறட்சிக்குப் பழகிய இனங்கள் இவை. குட்டி ஈனும் பருவத்தில் கிடையைக் கவனித்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்: மேய்ச்சல் முடிந்து மந்தை திரும்பும்போது கத்திக்கொண்டு ஓடிவரும் அத்தனை குட்டிகளுக்கு நடுவிலும் தாய் தன் குட்டியை மட்டும் மடிக்கு விடும், அடுத்த குட்டியை முட்டித் தள்ளும். ஈன்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நக்கியும் முகர்ந்தும் இந்தப் பிணைப்பு உறுதிப்படுகிறது. குட்டி வெளிவரும்போது பிறப்புப் பாதையில் ஏற்படும் அழுத்தமே தாயின் மூளையைத் திறந்துவிடும் சாவி என்றும், அப்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதற்குத் துணை என்றும் இங்கிலாந்தில் எரிக் கெவர்ன், கீத் கென்ட்ரிக் முதலியோர் 1980களில் நிறுவினர். செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயை ஏற்கவைக்கும் வழக்கம் உலகின் பல மேய்ச்சல் சமூகங்களில் உண்டு. உடலியல் பின்னால் கண்டுபிடித்ததை மேய்ப்பர் முன்பே கையாண்டிருக்கிறார்கள். கென்ட்ரிக்கின் குழு 2001இல் இன்னொன்றையும் காட்டியது: ஒரு செம்மறி ஐம்பது ஆடுகளின் முகங்களை வேறுபடுத்தி, இரண்டு ஆண்டுவரை நினைவில் வைத்திருக்கும். ஆனால் செம்மறி கண்ணாடிச் சோதனையில் தேறியதாகப் பதிவில்லை. ஐம்பது முகம் தெரிந்த உயிருக்குத் தன் முகம் தெரிய வேண்டிய தேவை மந்தையில் என்றும் எழுந்ததில்லை.

'தன்னவர்' என்ற அடையாளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் இந்திய அறிவியல் அரிய பங்களிப்பைச் செய்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ரோபாலிடியா மார்ஜினேட்டா, தென்னிந்தியாவின் வீட்டு இறவாரங்களில் கூடு கட்டும் சாதாரணக் குளவி. தன் கூட்டுக் குளவியையும் அயல் கூட்டுக் குளவியையும் அது பிரித்தறியும். இதற்கு இரண்டு வழிகள் இருக்கலாம். தன் உடல் மணத்தையே அளவுகோலாக வைத்து மற்றதை ஒப்பிடுவது ஒன்று. பிறந்த கூட்டிலும் கூட்டாளிகளிடமும் மணத்தைக் கற்றுக்கொள்வது இன்னொன்று. கடக்கர் குழுவின் 1980களின் சோதனைகளில், கூட்டுப்புழு அறையிலிருந்து வெளிவந்ததும் கூட்டிலிருந்தும் கூட்டாளிகளிடமிருந்தும் பிரித்து வளர்த்த குளவிகளால் அவ்வாறு பிரித்தறிய முடியவில்லை. கூட்டோடும் சில கூட்டாளிகளோடும் பழகவிட்டவை பிரித்தறிந்தன. ஆக, அளவுகோல் பிறந்த பின் வெளியிலிருந்து வருகிறது. தன் உடலை வைத்து உறவை அறியும் என்று பலர் எதிர்பார்த்த இடத்தில், வீட்டை வைத்தே உறவை அறியும் உயிர் நின்றது. இந்தக் குளவிகளில் ராணி பல ஆண்களோடு கூடுவதும், ஒரே கூட்டில் அடுத்தடுத்து ராணிகள் மாறுவதும் வழக்கம். அதனால் கூட்டாளிகளின் இரத்த உறவு எதிர்பார்த்ததை விடக் குறைவு. நெருங்கிய உறவும் தூர உறவும் கலந்து வாழும் அந்தக் கூட்டில் கூடு என்பதே சொந்தமாகிவிடுகிறது. இரத்த உறவு நெருங்க நெருங்க உதவும் பண்பு பரிணாமத்தில் வளரும் என்னும் ஹாமில்டனின் உறவுத் தேர்வுக் கோட்பாட்டை வாய்பாடாக மட்டும் படித்தவர்கள் இந்தக் குளவியிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் 1981இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வரிசையில் சேரும். ஒளியே புகாத குகையில் இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் இனத்து வௌவால்கள் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலின் உடற்கடிகாரம் வெளியுலக நாளோடு ஒத்துப்போனது. கூட்டமில்லாத குகையில் அது தன் போக்கில் நழுவிச் சென்றது. வெளியில் பொழுது சாய்ந்ததைக்கூட அந்த உயிர் கூட்டத்தின் வழியாகவே அறிகிறது.

இனி குரங்கு. கண்ணாடி கேலப்பின் நாளிலேயே தோற்கடித்த உயிர் இது. நம் கோயில்களிலும் சாலையோரப் புளியமரங்களிலும் வாழும் நாட்டுக் குரங்கு, ரீசஸின் நெருங்கிய உறவினம். பெங்களூரு தேசிய உயர்நிலை ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த அனிந்திய சின்ஹா, 1998இல் வெளியான ஆய்வில் மிக எளிய ஒரு காட்சியை எடுத்துக்கொண்டார். இரண்டு பெண் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் விட அந்தஸ்தில் உயர்ந்த மூன்றாவது பெண் நெருங்குகிறது. யார் எழுந்து போவது? பெரும்பாலும் இருவரில் தாழ்ந்த நிலையில் உள்ளதே விலகுகிறது. வருகிறவள் தன்னை விடப் பெரியவள் என்று மட்டும் தெரிந்தால் இரண்டுமே எழுந்திருக்க வேண்டும். அருகிலிருப்பவளை ஒப்பிடத் தான் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரிந்திருந்தால்தான் ஒன்று மட்டும் எழும். கண்ணாடியில் தன் முகத்தை அறியாத இனத்துக்கு, மற்ற இருவரோடும் ஒப்பிட்ட தன் நிலை தெரிகிறது. சின்ஹாவின் இந்த ஆய்வு தன்னறிதல் பற்றிய நூல்களில் கண்ணாடிச் சோதனைக்கு இணையாகப் பேசப்படவில்லை என்பது எனக்கு உண்மையில் வருத்தம்.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, இந்தக் குரங்குகளைக் கூர்ந்து பார்த்தவர். அவர் திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் வாழ்ந்தபோது, தலைவன் கடித்துப் போட்ட ஒரு குட்டியைப் பேணி வளர்த்தார். நொண்டி என்று பெயர் பெற்ற அது பின்னர் கூட்டத்தின் தலைவனானது. மனிதர் தொட்டு வளர்த்த குரங்கைக் கூட்டம் வழக்கமாகத் திரும்பச் சேர்ப்பதில்லை, இவர் விஷயத்தில் சேர்த்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இது ஆய்வுக்கூடச் சான்று அல்ல; ஆனால் பொறுமையாகக் காட்டை நோக்கிய ஒருவரின் கவனிப்பு. கூட்டத்தின் ஏற்புதான் ஒரு குரங்குக்குத் 'தான் யார்' என்பதை உறுதிசெய்கிறது என்பதை அவர் கண்டிருக்கிறார்.

சிம்பன்சியிடமே திரும்புவோம். 1971இல் கேலப்பும் உடனுழைத்தோரும் தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளைச் சோதித்தபோது அவை கண்ணாடியில் தம்மை அறியவில்லை. கண்ணாடியின் ஆதரவாளர்கள் எளிதில் கடந்துபோகும் முடிவு இது. என் வாதத்துக்கோ இதுவே முதுகெலும்பு. பிறரின் பார்வைக்குள் வளராத உயிருக்குத் தன் பிம்பமும் அந்நியமே. மனிதக் குழந்தைகளிடமும் இதே தொடர்பு தெரிகிறது. கென்யக் கிராமக் குழந்தைகளிடம் டான்யா புரோஷ் முதலியோர் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில் பெரும்பாலோர் நெற்றியில் ஒட்டியதைத் தொடாமல் உறைந்து நின்றார்கள். அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். பெர்லின், டெல்லி, கேமரூனின் ந்சோ கிராமங்கள் ஆகியவற்றை ஒப்பிட்ட ஹைடி கெல்லர் குழுவினர், குழந்தை எந்த வயதில் தேறுகிறது என்பது வளர்ப்பு முறையோடு மாறுவதைக் கண்டனர். பெரியவர் முன்னால் அடங்கி நிற்கக் கற்ற பிள்ளையின் தயக்கத்தை அறிவின்மை என்று எழுதுவது ஆய்வாளரின் பிழை.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது: குட்டியை அறிவதும் கூட்டை அறிவதும் தன்னை அறிவதாகுமா? ஆகாது. குளவிக்குத் தன்னுணர்வு உண்டு என்பது என் கூற்றன்று. தன்னவர், பிறர் என்ற பிரிவு பழையது. அந்தப் பிரிவின் மேல், நினைவும் அந்தஸ்தும் கூடிய சில இனங்களில் 'என் இடம்' என்ற அறிவு வளர்ந்தது. அதன் மேல் இன்னும் சிலவற்றில் 'என் உருவம்' என்பது வந்தது. இரண்டாவது: 2015இல் ஷாங்காயில், முகத்தில் சற்று உறுத்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பயிற்சி தந்தபின் ரீசஸ் குரங்குகளும் கண்ணாடியில் தேறின. இது என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. குரங்கிடம் குறைந்திருந்தது தன்னைப் பற்றிய அறிவு அன்று. கண்ணில் தெரிவதையும் தோலில் படுவதையும் இணைத்துப் பார்க்கும் பழக்கமே.

ரமணரின் பெயரை இங்கே கொண்டுவந்ததால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1896 ஜூலையில் மதுரை வீட்டில் பிணம்போல் படுத்து அவர் கேட்ட கேள்வி, உடலை 'நான்' என்ற கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத் தொடங்குகிறது. கண்ணாடிச் சோதனையோ உடலைத் தன்னதாக ஏற்பதையே தேர்ச்சி என்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். ரமணரின் 'நான் யார்?' நூலுக்கு அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று மேடையில் சொல்பவர்கள் ரமணருக்கும் நியாயம் செய்யவில்லை, கேலப்புக்கும் நியாயம் செய்யவில்லை.

செய்ய வேண்டிய வேலை தெளிவானது. 2017இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், நாய்களுக்கு அவற்றின் சொந்த மூத்திர மணத்தையும், அதில் வேறு மணம் கலந்ததையும் முகரக் கொடுத்தார். மாற்றப்பட்ட தன் மணத்தை நாய்கள் கூடுதல் நேரம் முகர்ந்தன. மூக்கால் உலகை அறியும் உயிருக்கு மூக்கின் வழியே வைத்த கண்ணாடி அது. இதே சோதனையைக் கிடைச் செம்மறிகளிடம் நடத்தலாம்: தன் மணம், தன் குட்டியின் மணம், மந்தையின் மணம், அயல் மந்தையின் மணம். இதற்குப் பெரும் செலவு இல்லை. கூண்டும் மயக்க மருந்தும் வேண்டாம். மதுரையிலும் விருதுநகரிலும் விலங்கியல் கற்பிக்கும் துறைகள் முதுகலை மாணவர்களை ஒரு மேய்ச்சல் பருவத்துக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கிடைகளுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் ஆட்டையும் அடையாளம் தெரிந்த மேய்ப்பர்களைத் தகவல் தருபவராக மட்டும் வைக்காமல் உடன் ஆய்வாளராக ஏற்று, வெளியாகும் கட்டுரையில் அவர்கள் பெயரையும் அச்சிட வேண்டும்.