கசடும் ஆயில் சீலும்

என் தாத்தா காலத்தில் ஒரகடத்தைச் சுற்றிய ஊர்களில் வண்டிக்குப் போடும் எண்ணெய் என்றால் வண்டி மை ஒன்றுதான். வைக்கோலைக் கரித்துப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்புக் குழம்பு. அச்சு கீச்சிட ஆரம்பித்தால் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை நகர்த்தி, விரலால் வழித்துத் தடவுவார்கள். கொஞ்ச நாளில் அது பிசினாக இறுகிவிடும். அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி புதிதாகத் தடவ வேண்டும்.

விளக்கெண்ணெயின் பிறவிக் குணம் அது. இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும்; சூட்டிலும் காற்றிலும் பிசினாகும். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கும் இதே எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். அதனிடம் ஒரு நல்ல குணமும் உண்டு. இயற்கை ரப்பரை அது கெடுக்காது. பிரேக் ஆயிலில் நெடுங்காலம் விளக்கெண்ணெய் இருந்ததற்கு அதுவே காரணம். பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய் நேர் எதிர். அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் இயற்கை ரப்பரை ஊதவைத்து உருக்குலைத்துவிடும். ஒன்று கசடைத் தரும், மற்றது ரப்பரைத் தின்னும். என்ஜின் ஆயிலின் நூறு வருட வரலாற்றை இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பஞ்சாயத்து என்றே நான் பார்க்கிறேன். அந்தப் பஞ்சாயத்தில் ஒரு பங்கு நம் சென்னை மணலியில் நடந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் என்ஜின் பிரித்துப் பிழைக்கிற எங்களில் பலருக்கே அது தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது மெட்ராஸில், அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வந்துபோன ஒரு பட்டறையில். டேப்பெட் கவரைத் திறந்தால் உள்ளே ஆறிப்போன கேழ்வரகுக் களி போல ஒரு கறுப்புப் பொருள் அப்பியிருக்கும். சம்ப்பைக் கழற்றினால் அடியில் இன்னும் கெட்டியாக இருக்கும். ஸ்ட்ரெயினரின் வலையை அடைத்துக்கொண்டு, பேரிங்குக்கு ஆயில் ஏறவிடாமல் செய்து, கடைசியில் கிராங்கையே கடித்துவிடும். கரண்டியால் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவுவது எங்களைப் போன்ற பையன்களின் வேலை. அந்த நாற்றம் சோறு தின்னும்போதும் கையில் இருக்கும்.

அந்தக் கசடு வெளியிலிருந்து வருவதில்லை. சிலிண்டரில் எரிந்தும் எரியாமலும் போன எரிபொருள், புகைக்கரி, நீராவி, நைட்ரஜன் ஆக்ஸைடு எல்லாம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிந்து ஆயிலில் கலக்கின்றன. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால் தண்ணீர் ஆவியாகி வெளியேறிவிடும். கொஞ்ச தூரம் ஓடி நிற்பது, நின்ற இடத்திலேயே என்ஜின் உறுமிக்கொண்டிருப்பது, இவைதான் கசடை வளர்க்கும். குளிர் நாடுகளில் இந்தத் தொல்லை அதிகம். நம் வெயிலில் தண்ணீர் சீக்கிரம் போய்விடும். ஆனால் ஆயில் தானே ஆக்ஸிஜனேற்றத்தில் தடித்துப்போகும். குளிர் நாட்டுக்காரன் வேறு வழியில் போய்ச் சேரும் இடத்துக்கே நாமும் போய்ச் சேர்கிறோம்.

இதற்கு மருந்து தேடும் வேலை டீசலில்தான் தொடங்கியது. 1930களில் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் டிராக்டர்களின் புதிய டீசல் என்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிபோர்னியா என்ற நிறுவனம் உலோகச் சோப்பு ஒன்றை ஆயிலில் கரைத்துப் பார்த்தது. ரிங்குகள் விடுபட்டன. 1935இல் டெலோ என்ற பெயரில் அந்த ஆயில் வந்தது. பிறகு கால்சியம் சல்ஃபோனேட், ஃபீனேட் என்று இந்தச் சோப்பு வகை வளர்ந்தது. டிடர்ஜென்ட் என்று கேனில் அச்சிட்டிருப்பது அதைத்தான்.

சோப்பு சூடான இடத்தைத்தான் நன்றாகக் கழுவும். சூடேறாத இடத்தில் சேரும் களிக்கு அது போதவில்லை. 1950களில், 60களில் வேறொரு சரக்கு வந்தது. டிஸ்பர்சன்ட். உலோகம் இல்லாதது, எரிந்தால் சாம்பல் மிஞ்சாதது. அதன் அமைப்பு எனக்கு இன்றும் வியப்பு. பாலிஐசோபியூட்டிலீன் என்ற நீளமான வால் ஒரு பக்கம். அமீன் என்ற நைட்ரஜன் தலை மறுபக்கம். தலை போய்க் கரித்துகளைப் பிடித்துக்கொள்ளும், வால் ஆயிலில் மிதக்கும். துகளும் துகளும் ஒன்று சேர முடியாது. சேராவிட்டால் களி ஏது?

"என்ன அண்ணே, போன வாரம் மாத்தின ஆயில், அதுக்குள்ள கருத்துப்போச்சே, டூப்ளிகேட் போட்டுட்டியா?" என்று லாரி டிரைவர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். டீசல் வண்டியில் ஆயில் கருப்பது அந்த மருந்து வேலை செய்வதால்தான். கரி ஆயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆயிலை மாற்றும்போது அதோடு வெளியே போய்விடும். கருக்காமல் இருந்த பழைய ஆயிலில்தான் கரி அடியில் படிந்தது.

நம் நாட்டில் இந்தச் சரக்கு வெகுகாலம் கப்பலில் வந்தது. 1966இல் லூப்ரிசால் நிறுவனம் இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்து, இந்தச் சரக்கைத் தயாரிக்க லூப்ரிசால் இந்தியாவைப் பம்பாய்ப் பக்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம், 1965 டிசம்பரில், மெட்ராஸ் ரிஃபைனரீஸ் பதிவானது. நூற்றில் இந்திய அரசுக்கு 74 பங்கு, அமெரிக்க அமோக்கோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஓடத் தொடங்கியது. பெட்ரோல், டீசலோடு என்ஜின் ஆயிலுக்கான அடி எண்ணெயும் அங்கே வந்தது. 1972இல் இந்தியன் ஆயிலின் சர்வோ என்ஜின் ஆயில் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1989. அந்த வருடம் மெட்ராஸ் ரிஃபைனரீஸும் செவ்ரானும் சரிபாதிப் பங்கில், இந்த மருந்தைத் தயாரிக்கும் இந்தியன் அடிடிவ்ஸ் என்ற நிறுவனத்தை மணலியில் தொடங்கின. செவ்ரான் யார்? 1935இல் கேட்டர்பில்லருக்கு வைத்தியம் பார்த்த அதே ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிபோர்னியாதான் பிற்காலத்தில் அந்தப் பெயர் வைத்துக்கொண்டது. டிஸ்பர்சன்ட்டின் அந்த வாலுக்கு வேண்டிய பாலிஐசோபியூட்டிலீனையும் மணலியிலேயே கோத்தாரி பெட்ரோகெமிக்கல்ஸ் தயாரிக்கிறது. ரிஃபைனரியின் பியூட்டீன் வாயுதான் அதன் மூலப்பொருள். எண்ணெயும் மருந்தும் மருந்தின் மூலச்சரக்கும் ஒரே ஊரில். பத்து லிட்டர் என்ஜின் ஆயிலில் ஒன்று முதல் இரண்டரை லிட்டர் வரை மருந்துதான் என்பதை நினைத்தால் அதன் பெறுமதி புரியும்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். சக்கரத்திலும் கிராங்கிலும் ஒரு காலத்தில் தோலும் கம்பளி ஃபெல்ட்டும் கார்க்கும்தான் ஆயிலைத் தடுத்தன. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வந்ததும் ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல் வந்தது. சூடு கூடக்கூட அதுவும் போதாமல் ஃப்ளூரோ ரப்பர். டூபான்ட் 1957இல் விட்டான் என்று விற்றது. 200 பாகை சூட்டையே தாங்கும் அந்த ரப்பர், டிஸ்பர்சன்ட்டின் நைட்ரஜன் தலையைத் தாங்கவில்லை. அமீன் அந்த ரப்பரிலிருந்து ஹைட்ரஜனையும் ஃப்ளூரினையும் பிடுங்குகிறது. ரப்பர் இறுகுகிறது, உதடு வெடிக்கிறது, ஆயில் கசிகிறது. கசடுக்குப் போட்ட மருந்தே சீலுக்கு நஞ்சு!

மருந்தைக் குறைத்தால் களி. கூட்டினால் கசிவு. இதற்குத் தீர்வு கண்ட வேதியியலாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நைட்ரஜன் தலையைப் போரிக் அமிலத்தாலோ எத்திலீன் கார்பனேட்டாலோ பக்குவப்படுத்தினார்கள். அப்போதும் அது கரியைப் பிடிக்கும். ரப்பரைக் கடிப்பது குறையும். இன்னொரு பக்கம், அடி எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி மேலும் மேலும் சுத்தமாக்கியபோது நைட்ரைல் சீல்கள் சுருங்கத் தொடங்கின. பழைய எண்ணெயில் இருந்த அரோமேட்டிக் பொருள்களே ரப்பரைக் கொஞ்சம் உப்பலாக வைத்திருந்தன. அது போனதும் எஸ்டர் சேர்த்து அந்த உப்பலைத் திருப்பிக் கொடுத்தார்கள். இவை எல்லாம் அளந்து, அடித்து, எடை பார்த்துச் சேர்த்த கலவை. அமெரிக்கத் தர வரிசையில் கனரக டீசல் ஆயிலுக்கு ரப்பர் சோதனை 2002இன் சிஐ-4இலும், பெட்ரோல் கார் ஆயிலுக்கு 2010இன் ஜிஎஃப்-5இலும் வந்தது. ஐரோப்பியர்கள் முன்னதாகவே ரப்பர்த் துண்டை 150 பாகை ஆயிலில் ஒரு வாரம் மூழ்கவைத்து இழுத்துப் பார்த்தவர்கள்.

அந்த ஐரோப்பியக் கண்டிப்பு எங்கள் சாலைக்கு வந்துசேர்ந்தது தொழிற்சாலைகளோடு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் கால்வைத்தது, 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ், 2013இல் ராயல் என்ஃபீல்டு. ஏரிப் பாசன நிலத்தில் எங்கள் தலைமுறை கண்முன்னே இவை எழுந்தன. மெர்சிடிஸ்-பென்ஸின் 228 வரிசை எண்ணை ஆயில் டப்பாவில் பார்த்து வாங்கும் பழக்கம் லாரி முதலாளிகளுக்கு அப்போதுதான் வந்தது. அந்த எண்ணுக்குள் சீல் சோதனையும் அடக்கம்.

எங்கள் சாலைக்கென்று ஒரு கொடுமை உண்டு. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் கேட்டுக்கு வெளியே என்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். துறைமுகத்துக்குக் கார் ஏற்றிப்போகும் டிரெய்லர்கள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊரும். ஓடோமீட்டர் நகராது, ஆயில் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றாதீர்கள், என்ஜின் ஓடிய மணியையும் பாருங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் பஞ்சாயத்து இன்னும் இறுகிவிட்டது. புகைக்குழாயில் கரி வடிகட்டி உட்கார்ந்துவிட்டது. கால்சியம், துத்தநாகச் சாம்பல் அதை அடைக்கும் என்பதால் உலோகச் சோப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாரம் சாம்பல் இல்லாத டிஸ்பர்சன்ட் மேல் விழுந்தது, அங்கிருந்து சீல் மேல்.

இப்படி நூலிழையில் நிற்கும் கலவைக்குள் கடையில் விற்கும் குப்பி மருந்தை ஊற்றச் சொல்லி வருகிறார்கள். கசடு கரையும், சீல் மிருதுவாகும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. சீலை உப்பவைக்கும் மருந்து சுருங்கிப்போன நைட்ரைல் சீலுக்குக் கொஞ்ச காலம் உதவும், அதை மறுக்கவில்லை. வெடித்த உதட்டை எந்தத் திரவமும் ஒட்டாது. களி நிறைந்த பழைய என்ஜினில் வலுவான கழுவு மருந்தை ஒரேயடியாக ஊற்றினால் பெயர்ந்த கட்டி ஸ்ட்ரெயினரில் போய் உட்காரும். அந்தக் களியே அடைத்து மறைத்திருந்த கசிவும் அன்றைக்கே வெளிப்படும். சரியான எண் போட்ட ஆயிலை வாங்குங்கள், நேரத்தில் மாற்றுங்கள், சீல் போயிருந்தால் புதுச் சீல் போடுங்கள். என் பட்டறைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் செய்வதும் இவ்வளவுதான்.