சோப்பு மாதிரி கரையும் மருந்து

மக்களே, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ராபர்ட் லாங்கர். ரசாயனப் பொறியியல் படிச்சுட்டு, 1974-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மனிடம் சேர்ந்தார். புரதம் மாதிரி பெரிய மூலக்கூறுகளை பாலிமருக்குள்ள அடைச்சு மெல்ல மெல்ல வெளியே விடணும். நடக்காத காரியம்னாங்க பலர். 1976-ல் நேச்சர் இதழில் ரெண்டு பேரும் நிரூபிச்சாங்க. ஆனாலும் லாங்கர் நிதி கேட்டுப் போட்ட முதல் ஒன்பது விண்ணப்பமும் தள்ளுபடி!

மனுஷர் விடலையே. அறுவை மருத்துவர் ஹென்றி பிரெம்மோடு சேர்ந்து உருவாக்கிய கிளியாடெல் வில்லைக்கு 1996-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. மூளைப் புற்றுக்கட்டியை எடுத்த இடத்தில் வில்லையை வெச்சுடுவாங்க. பாலிமர் சோப்புக்கட்டி மாதிரி மேலிருந்து கரையக் கரைய, உள்ளிருக்கும் கார்முஸ்டின் அங்கேயே இறங்கும். ரத்தத்தில் ஏத்தினா உடம்பையே படுத்தற மருந்து அது.

நோய் தீரலைதான், ஆயுள் சில வாரங்கள் கூடுச்சு. அது பெருசான்னு அந்த வீட்டுக்காரங்களைக் கேட்டாத் தெரியும்.